எழுதத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் ஒரு வருடத்தைக் கடப்பது எப்படி?

எழுத்தாளராக வேண்டும் என்று நான் முடிவெடுத்த நாளுக்கும் என் முதல் கதையை முடித்த நாளுக்கும் நடுவில் 6 வருடம் ஓடிவிட்டது. அந்த 6 வருடமும் சும்மா இருக்கவில்லை. 17 கதைகளுக்கு முதல் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாவலின் முதல் அத்தியாயம் மட்டும் 4 விதமாக இருந்தது. ஆனால் 'இதோ, முடிந்தது' என்று ஒருவர் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. முதலில் தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் முடிக்கலாம் என்று காத்திருந்தேன். கடைசியில் மூன்று பக்கத்தில் ஒரு சின்னக் கதையை எப்படியோ முடித்தேன். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படியான கதை இல்லை. ஆனாலும் அடுத்த கதைக்கு உட்கார்ந்தபோது பழைய பயம் பாதியாகக் குறைந்திருந்தது. நான் காத்திருந்த தைரியம், வேலையை முடித்த பிறகுதான் வந்தது.

உங்களுக்கும் 6 வருடம் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலைக்குப் போகிறவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர், படிக்கிறவர் எல்லோருக்கும் ஒத்துவரும்படி சொல்ல முயன்றிருக்கிறேன். கதையோ கட்டுரையோ, வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. முதல் வாரம் எழுத வேண்டாம், நேரத்தைக் குறித்துவையுங்கள்

'நேரமே இல்லை' என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எந்த நேரம் இல்லை, எந்த நேரம் இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 7 நாளுக்கு ஒரு தாளில் அன்றைய பொழுது எப்படிப் போனது என்று அரை மணி நேரக் கணக்கில் குறியுங்கள். தூக்கம், வேலை, பயணம், போன் பார்த்த நேரம், எல்லாவற்றையும். வார முடிவில் ஒரு விஷயத்தை மட்டும் தேடுங்கள்: தினமும் ஒரே வேளையில், யாரும் உங்களைக் கூப்பிடாத 20 நிமிடம் எங்கே கிடைக்கிறது?

அது நீளமான நேரமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தினமும் ஒரே வேளையில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 4 மணி நேரம் எழுதிக்கொள்ளலாம் என்று நானும் திட்டம் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு விருந்தாளி வந்தால் அந்த வாரமே போய்விடும். தவிர, 6 நாள் கழித்துப் போய் உட்கார்ந்தால், விட்ட இடத்தைப் பிடிப்பதற்கே முதல் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

நேரம் கிடைத்ததும் அதை ஏற்கனவே செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். 'பல் துலக்கியதும் மேஜையில் உட்காருவேன்', 'பிள்ளையைத் தூங்க வைத்ததும் நோட்டைத் திறப்பேன்' என்று எழுதி வையுங்கள். 'இனிமேல் ஒழுங்காக எழுதுவேன்' என்ற சபதத்தைவிட இது பல மடங்கு நிற்கும்.

2. தினசரி அளவைச் சிறியதாக வையுங்கள்

நாளுக்கு 200 சொல். கையால் எழுதினால் ஏறக்குறைய ஒரு பக்கம். இதற்கு மேல் முதல் 3 மாதம் இலக்கு வைக்காதீர்கள். அதிகம் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மறுநாள் இலக்கு மறுபடி 200 தான். நேற்று 900 எழுதினேன் என்று இன்று 900க்கு ஆசைப்பட்டால், மூன்றாம் நாள் மேஜைப் பக்கமே போகத் தோன்றாது.

இது போதுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. வாரம் 5 நாள், 200 சொல் என்றால் வருடத்துக்கு 52,000 சொல். பாதியைக் கழித்துப்போட்டாலும் கணிசமான சிறுகதைகள் மிஞ்சும்.

19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். விடிகாலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். நீங்கள் அந்த வேகத்துக்குப் போக வேண்டாம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் புதிதாக எழுத ஆரம்பிப்பார். உங்கள் 20 நிமிடத்தில் முதல் 3 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். வெற்றுத் தாளைப் பார்த்து உட்காரும் திகைப்பு இதனால் வெகுவாகக் குறையும். எனக்கு வேறு எந்த உத்தியும் இந்த அளவுக்கு உதவவில்லை.

இன்னொரு உபாயம், அன்றைக்கு எழுதுவதை வற்றும் வரை எழுதாமல், அடுத்த வரி என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது. அந்த வரியைக் குறிப்பாக மட்டும் எழுதி வையுங்கள். மறுநாள் கை தானாக நகரும்.

21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைந்துபோகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்கான நடுக்கணக்கு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற பழக்கங்களை. எழுத்து அதைவிடக் கடினம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே 3 மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. ஒரு நாள் விட்டால் விட்டதுதான், மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட வேண்டாம்.

3. தேவையான நோட்டும் கோப்புகளும்

விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். எழுதுவதற்கென்று புதிய கணினி வாங்குவது, சிறப்புச் செயலி வாங்குவது, இவையெல்லாம் எழுதுவதைத் தள்ளிப்போடும் வழிகளாகவே என் வாழ்க்கையில் இருந்திருக்கின்றன. இருக்கிற போனிலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் இந்த நான்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக இருக்கட்டும்.

ஒரு குறிப்பு நோட்டு: காதில் விழுந்த வாக்கியம், பார்த்த முகம், திடீரென்று தோன்றிய யோசனை. சட்டைப்பையில் அடங்கும் அளவு போதும். தேதி போடுங்கள்.

வரைவுக் கோப்புறை: எழுதிக்கொண்டிருப்பவை. கோப்பின் பெயரில் தலைப்பும் தேதியும் இருக்க வேண்டும். 'கதை புதியது', 'கதை கடைசி', 'கதை உண்மையான கடைசி' என்று வைத்துவிட்டு எது கடைசி என்று தெரியாமல், பழைய வரைவை ஒரு இதழுக்கு அனுப்பிவிட்டேன். அது நடந்தபோது மிகவும் வருந்தினேன்.

முடிந்தவை கோப்புறை: இதில் முழுமையானவை மட்டும். முதல் சில மாதம் இதில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பரவாயில்லை.

பதிவேடு: ஒரு நோட்டில் நாலு கட்டம். தேதி, எழுதிய சொற்கள், எதை எழுதினேன், முடிந்ததா. நன்றாக வந்ததா என்ற கட்டம் வேண்டாம். எழுதிய அன்றே அதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியாது.

தட்டச்சு பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். உங்களுக்குப் பழைய முறையில்தான் பழக்கம் என்றால், இப்போதே தமிழ்99 விசைப்பலகையோ, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும் ஒலிபெயர்ப்பு முறையோ கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் மெதுவாகப் போகும், அப்புறம் சரியாகிவிடும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்கிறவர்கள் ண, ன, ந குழப்பத்தையும் காணாமல் போகும் நிறுத்தக்குறிகளையும் பிறகு உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. சொல் எண்ணிக்கையை நம்பலாம், எழுத்து எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. யூனிகோடில் 'கி' என்பது ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என 2 குறியீடு. 'க்' என்பதும் 2. நீங்கள் கண்ணால் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றாக இருக்காது. ஓர் இதழ் அளவு கேட்டால், சொல்லிலா பக்கத்திலா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினியில் அல்லது போனில், இணையச் சேமிப்பில், ஒரு பென் டிரைவில். வாரம் ஒரு முறை நகல் எடுங்கள். என் போன் ஒருநாள் திடீரென்று இயங்காமல் போய் 40 பக்கம் அழிந்தது. அந்த 40 பக்கத்தை இன்றுவரை திரும்ப எழுத முடியவில்லை.

4. முதல் வரைவைத் திருத்திக்கொண்டே எழுதாதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்களை அதிகம் கவிழ்ப்பது இதுதான். முதல் பத்தியை எழுதுவோம், படிப்போம், பிடிக்காது, திருத்துவோம். மறுநாள் மறுபடி அதே பத்தி. என் 17 கதைகளும் அப்படித்தான் இரண்டு பக்கத்தில் நின்றன.

எழுதும் நேரமும் திருத்தும் நேரமும் வேறு வேறு நாளாக இருக்கட்டும். வரைவு எழுதும்போது சரியான சொல் வரவில்லை என்றால் அடைப்புக்குறிக்குள் 'வேறு சொல்' என்று போட்டுவிட்டுப் போங்கள். ஒரு தகவல் தெரியவில்லை என்றால் 'பார்க்கணும்' என்று எழுதிவிட்டு நகருங்கள். அதைத் தேட இணையத்தைத் திறந்தால் அந்த 20 நிமிடம் திரும்பி வராது. ஆரம்பம் பிடிக்கவில்லையா, இருக்கட்டும். பெரும்பாலான கதைகளின் உண்மையான ஆரம்பம் மூன்றாவது பத்தியில் இருக்கும், அது முடிவு எழுதிய பிறகுதான் தெரியும்.

5. முடித்துப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாவல் எழுதாதீர்கள். நாவல் ஆசை இருந்தால் அதைக் குறிப்பு நோட்டில் எழுதி வையுங்கள், அது ஓடிப்போகாது. முதல் மாதம் ஒரு பக்கத்தில் முடிகிற நான்கு சின்ன விஷயங்களை எழுதி முடியுங்கள். ஒரு பயணத்தில் நடந்தது, ஒரு பொருளைப் பற்றி, ஒருவரோடு நடந்த வாக்குவாதம், இப்படி எதுவும். நிபந்தனை ஒன்றுதான்: ஆரம்பம், நடு, கடைசி மூன்றும் இருக்க வேண்டும், கடைசி வரிக்குக் கீழே தேதி போட வேண்டும். இரண்டாம் மூன்றாம் மாதங்களில் 3 பக்கம், 4 பக்கம் என்று கூட்டுங்கள். நான்காம் மாதத்தில் 1,500 சொல்லில் முழுக் கதையோ கட்டுரையோ ஒன்று.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பாதியில் விட்ட ஒன்று நமக்குக் கற்றுக்கொடுப்பது மிகக் குறைவு. ஆரம்பிக்க மட்டும்தான் அதில் பழகியிருப்போம். நடுவில் கதை தொய்வதும், பாத்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்காததும், முடிவு எங்கே என்று தெரியாமல் திணறுவதும் கடைசி வரை போனவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் முறை அதே இடத்துக்கு வரும்போது 'போன தடவையும் இங்கேதான் சிக்கினேன், அப்புறம் வழி கிடைத்தது' என்று ஞாபகம் வரும். நம்பிக்கை என்று நான் சொல்வது இந்த ஞாபகத்தைத்தான்.

நடுவில் சிக்கிக்கொண்டால் மூன்று வழி. ஒன்று, இதுவரை எழுதியதை ஒரு நண்பருக்கு வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் தாண்டிப்போகிற இடம் எதுவோ, அது கதைக்கு வேண்டாதது. இரண்டு, கடைசிப் பத்தியை முதலில் எழுதிவிட்டு அதை நோக்கி வாருங்கள். மூன்று, சுமாரான முடிவைப் போட்டு முடித்துவிடுங்கள். சுமாரான முடிவைத் திருத்த முடியும். இல்லாத முடிவை எப்படித் திருத்துவது?

புதிய யோசனை வந்து இழுக்கும். நடுப்பகுதியில் சலிப்பு தட்டும் அதே நேரத்தில்தான் அது வரும், எப்போதும் இப்போதைய கதையைவிட அழகாக இருக்கும். நோட்டில் 5 வரி குறித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

6. ஊறவிட்டுத் திருத்துங்கள்

முடித்த கதையைக் குறைந்தது 10 நாள் தொடாதீர்கள். அந்த 10 நாளும் வேறொன்றை எழுதிக்கொண்டிருங்கள். பிறகு காகிதத்தில் அச்செடுத்தோ, எழுத்துருவைப் பெரிதாக்கியோ, சத்தம் போட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு. திருத்தம் மூன்று சுற்றாக இருக்கட்டும்.

முதல் சுற்று உள்ளடக்கம். எந்தப் பத்தியை எடுத்தாலும் கதை குலையாமல் நிற்கிறதோ அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். வலிக்கும். வெட்டியதைத் தனிக் கோப்பில் சேர்த்து வைத்தால் வெட்டுவதற்கு மனம் வரும்.

இரண்டாம் சுற்று வாக்கியம். 'அவனால் கதவு திறக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் 'கதவைத் திறந்தான்' ஆக்குங்கள். 'அவள் தன்னுடைய கையில் இருந்த தன்னுடைய பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள்' என்பதில் எவ்வளவு வேண்டும்? 'பையோடு அறைக்குள் போனாள்' போதும். 'மிகவும்', 'ஒரு', 'அந்த', 'தான்' இந்த நாலையும் தேடிப் பாருங்கள், பாதிக்கு மேல் தேவையில்லாமல் இருக்கும். உரையாடலில் பேச்சு வழக்கு என்று முடிவு செய்தால் முழுக்கப் பேச்சு வழக்கு. 'நான் வருகிறேன்னு சொன்னேன்ல' என்று ஒரே வாயிலிருந்து இரண்டு மொழி வரக் கூடாது.

மூன்றாம் சுற்று எழுத்துப்பிழை, சந்திப்பிழை. இலக்கணம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. அடிக்கடி வரும் சில இடங்களைப் பழகிக்கொண்டால் போதும். 'ஐ', 'கு' உருபுகள் வெளிப்படையாக வந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: வீட்டைக் கட்டினான், வீட்டுக்குப் போனான். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்னும் மிகும். 'படித்துப் பார்த்தேன்' என்பதில் மிகும், 'செய்து பார்த்தேன்' என்பதில் மிகாது. 'கதை சொன்னான்' சரி, 'கதையைச் சொன்னான்' சரி, 'கதைச் சொன்னான்' தவறு. பிழைகள் நிறைந்த பிரதியைப் பார்க்கிற ஆசிரியர் குழு, இவர் தன் கதையை ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கும். அது நியாயமும்கூட.

மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். 'இருந்தது' என்பதை 'இருந்திருந்தது' ஆக்கி மறுநாள் மறுபடி 'இருந்தது' ஆக்குகிற நிலை வந்தால் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

7. முதல் வாசகர்

இரண்டு பேர் போதும். ஒருவர் நிறையப் படிப்பவர், ஒருவர் சாதாரணமாகப் படிப்பவர். உங்கள் மேல் மிகுந்த பிரியம் உள்ளவரையும், உங்களோடு போட்டி மனப்பான்மை உள்ளவரையும் தவிருங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது? எங்கே புரியாமல் திரும்பப் படித்தீர்கள்? கதை என்ன என்று இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

பதில் சொல்லும்போது குறுக்கே பேசி விளக்கம் கொடுக்காதீர்கள். குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாசகர் பக்கத்தில் போய் நம்மால் விளக்க முடியாதல்லவா? இருவரும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே குறை நிச்சயம். அவர்கள் சொல்லும் பரிகாரத்தை ஏற்பது உங்கள் விருப்பம்.

8. அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

ஐந்து முடிந்த படைப்புகள் சேரும் வரை எதையும் அனுப்பாதீர்கள். ஒன்றே ஒன்றை அனுப்பிவிட்டு அதன் பதிலையே பார்த்துக்கொண்டிருப்பது மனதைத் தின்னும். ஐந்து இருந்தால் ஒன்று திரும்பி வந்தாலும் கையில் நாலு இருக்கும்.

அனுப்பப் போகும் இதழின் சமீபத்திய 3 இதழ்களையாவது முழுதாகப் படியுங்கள். அப்புறம் அவர்களுடைய விதிமுறை. இதழுக்கு இதழ் மாறினாலும், பொதுவாகக் கேட்கப்படுபவை இவை:

- யூனிகோடில் தட்டிய கோப்பு. பிடிஎப் கேட்டால் மட்டும் பிடிஎப். எழுத்துரு 12 அளவு, வரிகளுக்கு நடுவே தாராள இடைவெளி, பக்க எண்.
- தலைப்பு, சொல் எண்ணிக்கை, உங்கள் பெயர். புனைபெயரில் எழுதினால் இயற்பெயரும் முகவரியும் தனியாக. சன்மானம் அனுப்புவதற்கு இயற்பெயர் வேண்டும்.
- உறுதிமொழி: இது என் சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை.
- நாலு வரியில் கடிதம். கதையின் கருத்தை அதில் விளக்க வேண்டாம், உங்கள் கஷ்டங்களையும் எழுத வேண்டாம்.

இங்கே நான் விழுந்த குழி ஒன்று. ஒரு போட்டிக்கு அனுப்பிய கதையை அதற்கு முன்பே என் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டிருந்தேன். நண்பர்கள் முப்பது பேர் படித்திருப்பார்கள். அதை வெளியீடு என்றே நான் நினைக்கவில்லை. ஆனால் பல போட்டிகளும் இதழ்களும் அதையும் வெளியான படைப்பாகவே கணக்கில் எடுக்கின்றன. தேர்வாகியிருந்த கதை அந்தக் காரணத்தால் நீக்கப்பட்டது. அனுப்ப நினைக்கும் எதையும் முன்கூட்டிப் பொதுவெளியில் போடாதீர்கள்.

ஒரே படைப்பை ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்புவதும் அப்படித்தான். அனுமதிக்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் மட்டும் செய்யலாம், ஓர் இடத்தில் ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களுக்கு உடனே எழுத வேண்டும். பதிவேட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள்: என்ன அனுப்பினேன், எங்கே, எந்தத் தேதி, என்ன பதில்.

பதிலுக்கு எத்தனை நாள் என்று அவர்களே சொல்லியிருந்தால் அதுவரை கேட்காதீர்கள். சொல்லவில்லை என்றால் 3 மாதம் கழித்து மரியாதையாக ஒரு முறை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

யாராவது என் கதையைத் திருடிவிட்டால் என்று பயந்து அனுப்பாமலே இருப்பவர்கள் நிறைய. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி, எழுதிய படைப்புக்குப் பதிப்புரிமை கிடைக்க எங்கும் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தேதி போட்ட வரைவுகளையும் அனுப்பிய மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள், தகராறு வந்தால் அவைதான் சாட்சி. பாதுகாப்பு நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான். யோசனைக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது.

9. திரும்பி வந்தால்

வரும். முதல் முறை எனக்கு இரண்டு வாரம் எழுத ஓடவில்லை. இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன்: திரும்பி வந்த அன்று எதுவும் செய்வதில்லை. மறுநாள் சத்தமாக ஒருமுறை படிக்கிறேன். அவர்கள் காரணம் சொல்லியிருந்தால், அது எனக்கே உள்ளுக்குள் உறுத்திய இடமா என்று பார்க்கிறேன். ஆம் என்றால் திருத்தம், இல்லை என்றால் அப்படியே அடுத்த இதழுக்கு. ஒரு வாரத்துக்குள் அது வெளியே போய்விட வேண்டும். நான்கு இடத்தில் திரும்பினால்தான் கதையை மறுபடி பிரித்துப் பார்ப்பேன்.

இடம் இல்லை, ஏற்கனவே அதே போன்ற கதை வந்துவிட்டது, சிறப்பிதழ் திட்டம் வேறு என்று ஒரு படைப்பு திரும்புவதற்கு உங்கள் எழுத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் பல உண்டு. பதில் எழுதி வாதம் செய்யாதீர்கள். காரணம் சொல்லி எழுதியவருக்கு மட்டும் ஒரு வரி நன்றி.

10. பணம் கேட்கிறவர்களும் ஒப்பந்தங்களும்

புத்தகம் போடும் எண்ணம் முதல் வருடத்தில் வேண்டாம் என்பேன். ஆனாலும் இரண்டு கதை வெளியானதுமே அழைப்புகள் வரும், ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

நல்ல பதிப்பகம் தன் செலவில் அச்சிட்டு உங்களுக்கு உரிமைத்தொகை (ராயல்டி) தரும். 'உங்கள் எழுத்து அபாரம், தேர்வு செய்துவிட்டோம், இவ்வளவு கட்டுங்கள்' என்று சொன்னால் நீங்கள் அவர்களுக்கு வாடிக்கையாளர், அவ்வளவுதான். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தவறே இல்லை. அப்படியானால் அதை அச்சுச் செலவு, மெய்ப்புப் பார்க்கும் செலவு, அட்டை வடிவமைப்பு, விநியோகம் என்று தனித்தனியாக விலை கேட்டு, மூன்று இடத்தில் ஒப்பிட்டு, எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். தொகுப்பு நூலில் உங்கள் கவிதையைச் சேர்க்கிறோம், பத்துப் பிரதி வாங்க வேண்டும் என்பதும் இதே வகைதான். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை யார் பெயரில் வாங்குகிறார்களோ அவர்தான் பதிப்பாளராகப் பதிவாவார், இதையும் முன்பே கேளுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் இவற்றில் எந்த உரிமை போகிறது? எத்தனை வருடத்துக்கு? உரிமைத்தொகை அட்டை விலையிலா, கழிவு போக வந்த தொகையிலா? கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? புத்தகம் தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும்? 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்ற சொற்களைப் பார்த்தால் நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். என் முதல் ஒப்பந்தத்தில் அந்தச் சொற்கள் இருந்தன. வெளியாகப்போகிற மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதையை என் தொகுப்பில் சேர்க்க இன்றும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

11. இடைவெளி விழுந்தால்

நோய், வேலை மாற்றம், வீட்டில் ஒரு துக்கம், ஏதோ ஒன்று வரும். ஒரு வாரம் விட்டது ஒரு மாதமாகும். அப்போது, விட்ட இடத்திலிருக்கும் பெரிய கதைக்கு நேராகத் திரும்பாதீர்கள். அதன் முன்னால் உட்கார்ந்தால் விட்டுப்போன நாட்கள்தான் கண்ணில் தெரியும், ஒரு வரியும் ஓடாது.

நான் ஒருமுறை 5 மாதம் எழுதவில்லை. திரும்பி வந்தபோது பாதியில் நின்ற நாவலைத் திறந்து திறந்து மூடினேன், இரண்டு வாரம் அப்படியே போயிற்று. பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, அன்று காலை ஜன்னலில் பார்த்த ஒரு பூனையைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ஆரம்பம், நடு, கடைசி மூன்றும் இருந்தன. கீழே தேதி போட்டு முடிந்தவை கோப்புறையில் வைத்தேன். பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி, 110 சொல், பூனை, முடிந்தது என்று எழுதினேன். மறுநாள் அதே வேளைக்கு மேஜைக்குப் போனேன்.